மர முட்டை

கலோயான் என் உள்ளங்கையில் வைத்தது முட்டை இல்லை. முட்டை வடிவத்தில் கடைந்த மரக்கட்டை.

சிவப்புச் சாயம் பூசி, மேலே சின்னதாக ஒரு பூ வரைந்திருந்தது. மற்ற பதினோரு பேர் கையிலும் நிஜ முட்டை.

"நெவெனா முட்டை தொட மாட்டாளேன்னு சனிக்கிழமை கடை கடையா ஏறி இறங்கினேன். ஒருத்தர விட்டுட்டு நாம ஈஸ்டர் கொண்டாட முடியுமா?" என்றான்.

எல்லோரும் கைதட்டினார்கள்.

கலோயான் எங்கள் குழுத் தலைவன். நல்லவன். அதுதான் என் கஷ்டம்.

ஈஸ்டர் விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை, எங்கள் சோஃபியா நகரில் எந்த அலுவலகத்திலும் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் நடப்பது இந்த முட்டைச் சண்டைதான். வருடம் முழுக்கச் சிலுவை அடையாளம் போடாதவர்கள்கூட அன்றைக்கு "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்பார்கள். எதிரில் இருப்பவர் "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்பார். பிறகு முட்டையோடு முட்டை மோதும். உடையாத முட்டைக்காரருக்கு அந்த வருடம் யோகம்.

அந்த அறையில் ஈஸ்டருக்கு முன்னால் ஏழு வாரமும் இறைச்சி, பால், முட்டை தொடாமல் நோன்பு இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஸ்தோயன்கா. இன்னொருத்தி நான்.

ஆனால் என் நோன்பு அங்கே வேறு பெயரில் இருந்தது.

நோன்பின் முதல் நாள் மதியம், சாலட்டில் சீஸ் போட வேண்டாம் என்று சொன்னேன். "ஏன், உடம்பு சரியில்லையா?" என்று கலோயான் கேட்டான். நோன்பு என்ற சொல் நுனிநாக்கு வரை வந்தது. முந்தின வாரம்தான் அவன் ஒரு பாதிரியாரின் தொப்பையைப் பற்றி ஜோக் அடித்திருந்தான். நானும் சிரித்திருந்தேன்.

"வீகன் ஆயிட்டேன்," என்றேன்.

ஒரே நொடியில் மரியாதை கூடிவிட்டது. ஒருத்தி சமையல் குறிப்பு கேட்டாள். மறுநாள் ஃபிரிட்ஜில் என் பெயர் ஒட்டிய ஓட்ஸ் பால் பாட்டில் இருந்தது.

அடுத்த வாரம் ஸ்தோயன்கா வேலைக்குச் சேர்ந்தார். நாற்பத்து மூன்று வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். சீஸ் வேண்டாமா என்று கேட்டதற்கு, மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார்: "நோன்பு இருக்கேன்."

"அப்படி என்னங்க பெரிய பாவம் பண்ணிட்டீங்க?" என்றான் கலோயான்.

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். உண்மையைச் சொல்வதென்றால், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

வானதூதர் மாதாவுக்குச் சேதி சொன்ன திருநாளன்று நோன்புக்காரர்கள் மீன் சாப்பிடலாம். ஸ்தோயன்கா பொரித்த மீனை ரசித்துச் சாப்பிட்டார். எனக்கும் அந்த மீனுக்கு அனுமதி உண்டு. ஆனால் வீகனுக்கு ஏது திருநாள்? வாயில் ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டு முட்டைக்கோஸை மென்றேன்.

"பாருங்க, சாமி கும்பிடுறவங்க மீன வெட்டுறாங்க, கும்பிடாதவ புல்லத் திங்கிறா," என்றான் கலோயான். ஸ்தோயன்காவும் சேர்ந்து சிரித்தார்.

இப்போது அவர்தான் எனக்குப் பக்கத்தில் நின்றார். தன் சிவப்பு முட்டையைக் கூர்முனை வெளியே தெரியப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்."

மற்றவர்கள் அதை அவசரமாக, சிரித்துக்கொண்டே சொன்னார்கள். இவர் நிறுத்திச் சொன்னார், என் கண்களைப் பார்த்து.

பதில் இரண்டே வார்த்தை. பேச்சு வந்த நாளிலிருந்து சொல்லி வருகிறேன். அவர் சொன்ன மாதிரியே நானும் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். விளையாட்டாகச் சொல்ல வாய் வரவில்லை. மர முட்டை என்ன செய்யப்போகிறது என்று பார்க்க எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றும் சொல்லாமல் மோதினேன். அவருடைய முட்டை நொறுங்கி உள்ளே போயிற்று.

"ஸ்தோயன்கா, அவள உங்க கட்சிக்கு இழுக்கப் பாக்காதீங்க," என்றான் கலோயான். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "இல்ல, எங்களுக்குத் தெரியாம ஜெபம் கிபம் பண்றியா, நெவெனா?"

வெறும் கிண்டல்தான். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்துவிடும். அப்புறம் அந்த ஓட்ஸ் பாலுக்கும், அவன் கடை கடையாக ஏறி இறங்கியதற்கும், என் சிரிப்புக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மர முட்டையில் வரைந்திருந்த பூவையே பார்த்தேன்.

ஸ்தோயன்கா உடைந்த முட்டையின் ஓட்டை உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்.

"இவங்களா? கோயில் இருக்கற பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கலோயான் முட்டைக் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்தவரிடம் போனான்.

ஆறு வாரம் கிண்டலுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்ட பெண், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சின்னப் பொய்கூடச் சொன்னதில்லை. அவமானத்தில் எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

பெரிய வெள்ளியன்று, தெரிந்தவர்கள் யாரும் வராத ஒரு தேவாலயமாகத் தேடி, ஊரின் மறுகோடிக்குப் போயிருந்தேன். இயேசுவின் அடக்கத் துணி விரித்த மேசைக்கு அடியில், வரிசையில் வந்த எல்லோரையும்போல நானும் முழங்காலில் தவழ்ந்து போனேன். மறுபக்கம் வந்தபோது எழுந்திருக்க முடியாத அளவுக்கு அழுதுகொண்டிருந்தேன்.

குனிந்து, இரண்டு கைகளாலும் பிடித்து என்னைத் தூக்கி நிறுத்தியவர் ஸ்தோயன்கா.