இன்னும் வேகமாக

யூயிஸ்ட் தீவு மண்டபத்தின் சன்னலில் மாலை வெயில் சாய்ந்திருக்கிறது. ஐஷ்பெல் பிடிலைத் தோளில் பொருத்திக்கொள்கிறாள். படகுத் துறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த பிறகு, எட்டு மாதம் கழித்து இன்றுதான் மேடையேறியிருக்கிறாள். மெதுவான மெட்டுகளைப் பிசகில்லாமல் வாசித்துவிட்டாள். அடுத்தது வேக நடனத்துக்கானது. அக்கார்டியனோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்கா மார்சலி அவள் காதோரம் குனிகிறாள். "கை வலிச்சா நிறுத்திடுடி. நானும் ஊனாவும் பாத்துக்கறோம்." "நீ பின்தங்காம வந்தா போதும்க்கா," என்கிறாள் ஐஷ்பெல். பியானோவில் ஊனா சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளத்தைத் தொடங்குகிறாள். வில் தந்தியில் விழுகிறது. முதலில் மணிக்கட்டு விறைக்கிறது. ஒரு சுரம் நழுவுகிறது. மார்சலி சத்தத்தைக் கூட்டி அதை மறைக்கிறாள். இரண்டாம் சுற்றில் கை இளகி, தானாக ஓடத் தொடங்குகிறது. மரத்தரை அதிர்கிறது. தீவு வழக்கப்படி ஆணும் பெண்ணும் உடுத்திய கட்டம் போட்ட பாவாடைகள் சேர்ந்தே சுழல்கின்றன. சுவரோரம் நின்ற மீனவர்கள்கூட பூட்ஸ் காலால் தட்டுகிறார்கள். மூன்றாம் சுற்றோடு முடித்துவிடலாம் என்று மார்சலி கண்ணைக் காட்டுகிறாள். ஐஷ்பெல்லின் நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்குகிறது; துடைக்கக் கை ஒழியவில்லை. "மறுபடியும்," என்று கத்துகிறாள். "இன்னும் வேகமா." ஆடுகிறவர்களில் ஒருவரும் துணையின் கையை விடவில்லை.