வெயில் படுற பாத்தி

"ஆர் முறிஞ்சு வேலை செய்யினமோ அவைக்குத்தானாம் வெயில் படுற பாத்தி. மிளகாய்க் கண்டெல்லாம் யன்னலுக்குள்ளை கிடந்து நீளுது. கதைச்சுக்கொண்டு நிக்காதேங்கோ" என்று சொல்லித்தான் மரியரஞ்சனி கணவர் எட்வேட்டைக் கீழே அனுப்பினாள்.

மார்கழிப் பனிக்குள் நோர்வேயின் வெஸ்ட்லியில், ஒரே அச்சான அடுக்குமாடிகளில் ஒன்றின் ஏழாம் மாடியில் குடியேறியவர்கள். பனி உருகி, அந்தந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து வளவு துப்புரவாக்கும் டுக்னாட் நாள் இன்று.

எட்வேட் சருகு வாரினார். மண் கொத்தினார். மற்றவர்கள் கோப்பி குடித்தபோதும் எருப் பை சுமந்தார். இடைக்கிடை ஏழாம் மாடிப் பால்கனியைப் பார்த்துக் கை காட்டினார். கண் கூசும் வெயிலில் உருவம் மட்டும் தெரிந்தது. அங்கிருந்தும் கை ஆடியது. ஒருதரம் ஒரு முத்தத்தையும் பறக்கவிட்டார்.

பின்னேரம் குடியிருப்புத் தலைவி இங்கர் வந்து தோளில் தட்டினாள். "நடுப் பாத்தி உங்களுக்குத்தான்."

அப்போதுதான் மரியரஞ்சனியின் அழைப்பு வந்தது.

"எங்கை போட்டியள்? டுக்னாட்டுக்கு வராத ஒரே வீடு எங்கடையாம். பாத்தி எல்லாம் குடுத்து முடிஞ்சுது."

எட்வேட் வாசலைப் பார்த்தார். இலக்கம் பதினான்கு. அவர்கள் இருப்பது பதினாறில்.

"அப்ப நீர் பால்கனியிலை நிண்டு கை காட்டேல்லையோ?"

"நான் காலமை துவங்கிக் குசினிக்குள்ளை நிக்கிறன். ஆர் கை காட்டினது?"

எட்வேட் மெல்ல நிமிர்ந்தார். ஏழாம் மாடியில் எண்பது வயதுச் சீமாட்டி ஒருத்தி, இரண்டு கையாலும் முத்தத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.