நீர்க்காகமும் நாலாவது வரியும்

மாமல்லபுரக் கடற்கரையில் வாசகர் கூட்டம். எழுதியவர் பெயரை மறைத்துவிட்டுக் கவிதையை மட்டும் அலசுவது அவர்கள் வழக்கம். சாயும் வெயிலில், காற்றில் படபடக்கும் தாளை லாரி ஓட்டும் அருணகிரி முழங்காலில் அழுத்திப் பிடித்து வாசிக்கிறார். மறைந்த கணவர் ஸ்டான்லியின் கவிதை தன் கண்ணுக்கு மட்டும்தான் அழகோ என்ற பயத்தோடு அன்பரசி காத்திருக்கிறாள். "எழுதுனவரு கோச்சிக்கக் கூடாது. மூணு வரி சூப்பரு. நீர்க்காகம் சும்மா றெக்கைய காயவச்சிகினு கீது. நாலாவது வரிலதான் அழுவுது. அத்த வேற ஆளு எழுதுனாப்ல கீது" என்கிறார். அன்பரசியின் முகம் மலர்கிறது. ஸ்டான்லி முடிக்காமல் விட்டுப்போன கவிதைக்கு அந்தக் கடைசி வரியைச் சேர்த்தவள் அவள்தான். தாளை வாங்கி, அந்த வரியை மட்டும் சிரித்துக்கொண்டே அடித்துவிடுகிறாள்.