மாமாதான் முன்னால

படாரென்று கதவு திறந்தது. பதினான்காம் நம்பர் காரின் மேலாளர், காதில் மாட்டிய ஹெட்போனைக்கூடக் கழற்றாமல் நடுவர் அறைக்குள் நுழைந்தார்.

"லைட் எரியும்போதே பாய்ஞ்சுட்டான் சார்! என் டிரைவர் கண்ணால பார்த்திருக்கான். இவரைக் கேட்டா உண்மை வந்துடுமா? சொந்த மச்சானை யாராவது காட்டிக் குடுப்பாங்களா?"

'இவர்' என்று அவர் கை நீட்டியது என்னை.

நான் சேஃப்டி கார் ஓட்டுபவன். டிராக்கில் விபத்து நடந்தால், உடைசலை அள்ளி முடிக்கும்வரை ரேஸ் கார்களுக்கு முன்னால் மெதுவாகப் போவது என் வேலை. என் கார் கூரையில் ஆரஞ்சு லைட் சுழலும்வரை எல்லோரும் அடக்கமாக என் பின்னால் வர வேண்டும். நான் அதை அணைத்த பிறகுதான் முதலில் வருபவன் வேகமெடுக்கலாம். முந்திரிக்கொட்டை மாதிரி பாய்ந்தால் பத்து நொடி தண்டனை.

இன்று முதலில் வந்தவன் ஒன்பதாம் நம்பர். என் மனைவியின் தம்பி.

நாலு நொடி வித்தியாசத்தில் ஜெயித்திருந்தான். பத்து நொடி கூட்டினால் ஐந்தாம் இடத்துக்கு இறங்குவான். வருடத்தின் கடைசி ரேஸ். சாம்பியன் கோப்பையும் கைநழுவிப் போகும்.

தலைமை நடுவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வீடியோவைப் பதினோரு தடவை போட்டுப் பார்த்தாகிவிட்டது. சாயங்கால வெயில் நேராகக் கேமராவில் அடித்ததில், என் கார் கூரை வெறும் வெள்ளைப் பூச்சாகத் தெரிந்தது. காரில் நான் ஒற்றை ஆள்.

"நீங்களே சொல்லிடுங்க. அவர் பாயறதுக்குள்ள லைட்டை அணைச்சுட்டீங்களா, இல்லையா?"

அணைத்துவிட்டேன். எனக்குத் துளி சந்தேகமில்லை. கண்ணாடியில் அவனைப் பார்த்துக்கொண்டேதான் அணைத்தேன். அவன் கார் மூக்கில் விழுந்து விழுந்து எழுந்த ஆரஞ்சு வெளிச்சம் நின்றது. நான் ஒரு மூச்சு இழுத்து விட்டேன். அதற்குப் பிறகுதான் அவன் பாய்ந்தான்.

ஒரே வார்த்தை. அது வாய்க்கு வரவில்லை.

அவன் கோப்பைகளெல்லாம் என் வீட்டு ஷோகேஸில்தான் இருக்கின்றன. அவன் வீட்டில் இடமில்லையாம். என் மனைவி வாராவாரம் துடைத்து வைப்பாள். நான் வாங்கிய ஒரே கோப்பை, மூன்றாம் பரிசு, முதலில் பின்வரிசைக்குப் போனது. அப்புறம் அலமாரி மேலே ஏறியது. இப்போது போன் பக்கத்தில், பேனா போட்டு வைக்க உதவுகிறது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், ரேஸ் அணியில் காலியாக இருந்த ஒரே சீட்டுக்காக நாங்கள் இருவரும் ஒரே நாளில் ஓட்டிக் காட்டினோம். அரை நொடி. அந்த அரை நொடியில் அவன் ரேஸ் காருக்குப் போனான், நான் சேஃப்டி காருக்கு வந்தேன்.

ஒவ்வொரு ரேஸுக்கும் முன்பு என் ஜன்னலில் வந்து குனிவான்.

"மாமா, இன்னைக்கும் நீங்கதான் முன்னால!"

மெக்கானிக்குகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு, சீட் பெல்ட்டை ஒரு பிடி கூடுதலாக இறுக்குவேன்.

இன்று ஆறு சுற்று. டயரைச் சூடாக்க இப்படியும் அப்படியும் நெளிந்துகொண்டு, ஆறு சுற்றும் என் பின்னாலேயே வந்தான். எனக்கு இனித்தது. "உள்ள வந்துடுங்க" என்று ரேடியோ சொன்னபோது, ஸ்விட்சில் வைத்த விரல் கனத்தது.

ஜன்னலுக்குக் கீழே அவன் ஆட்களின் கூச்சல் கேட்டது. நடுவே ஒரு பெண் குரல், தொண்டை கிழிய: "என் தம்பிடா!"

எனக்காக அவள் ஒருநாளும் அப்படிக் கத்தியதில்லை.

அணைத்துவிட்டேன் என்றால், மச்சானுக்காகப் பொய் சொல்கிறேன் என்பார்கள். இல்லை என்றால்? சொந்த மச்சானுக்கு எதிராக எவன் பொய் சொல்வான்?

"இல்ல சார்" என்றேன். "அவன் பாய்ஞ்ச அப்புறம்தான் அணைச்சேன்."

மேலாளர் இப்போதுதான் ஹெட்போனைக் கழற்றினார். என் தோளில் கை வைத்தார்.

"மன்னிச்சுக்குங்க சார். உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்."

தலைமை நடுவர் என் வாக்குமூலத்தை எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். பிறகு ஃபைலில் ஏற்கெனவே இருந்த வேறொரு தாளை எடுத்து அதன்மேல் வைத்து ஸ்டேப்ளரால் குத்தினார். அந்தக் கோணல் கையெழுத்தை எனக்குத் தெரியும்.

"இனிமே விசாரணைக்கு வேலையில்ல. உங்க மச்சான் அப்பவே எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு: 'முன்னால போனது மாமா, அவருக்குத்தான் தெரியும். அவர் என்ன சொன்னாலும் நான் அப்பீல் பண்ண மாட்டேன்.'"