சும்மா ஓடின ட்ரையர்

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன், ஒளிக்காமல் சொல்லும். காலமையில உடுப்புக் காயவைக்கிற ட்ரையர் போடுறது நீரோ?"

பேஸ்மென்ட் படியில் நின்று யூஜினி கேட்டாள். அங்கே வாடகைக்கு இருக்கும் நதீஷா, கொலிஜுக்குப் புறப்பட்டு ஒரு கையில் சப்பாத்தோடு நின்றவள், தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஓம் அன்ரி... சொறி அன்ரி."

"ஞாயிற்றுக்கிழமை மட்டும் எண்டுதானே வரேக்கையே கதைச்சது? காலமையில கறண்ட் என்ன விலை எண்டு தெரியுமோ? அங்கிளுக்குத் தெரிஞ்சால் வீடு ரெண்டாகும்!"

நதீஷா வாயே திறக்கவில்லை. அதுதான் யூஜினிக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"மாத முடிவோட வேற இடம் பாரும்."

சொல்லிவிட்டு மேலே ஏறும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. இந்தக் குளிருக்குள் அந்தப் பெட்டை எங்கே போய் அறை தேடும்? ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

புருசன் கிளிபோட்டின் கறண்ட் பைத்தியம் அவர்கள் இருக்கும் அஜின்கோர்ட் முழுக்கப் பிரசித்தம். பென்சன் எடுத்த நாளிலிருந்து மனுசன் சுவிச்சுகளுக்குக் காவல். கிழமை நாட்களில் கறண்ட் மலிவாகிற பின்னேரம் ஏழு மணிக்கு முதல் ட்ரையரைத் தொடக்கூடாது. யூஜினி ஒரு துவாய் போட்டாலே, "உதை வெய்யிலில விரிச்சு விடன்" என்பார். மைனஸ் இருபதில் எந்த வெய்யிலைக் கண்டாரோ!

மனுசனுக்கு இன்னொரு எதிரியும் உண்டு. பக்கத்து வீட்டு மஸூர் வளர்க்கும் தாரா வாத்துகள்.

மஸூர் பிளம்பர். விடிய முதல் வேலைக்குப் போகிற ஆள். கூட்டுக்கு வைக்கோல் மாற்றி, பேசினில் சுடுதண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் போவார். ஒரு மணித்தியாலத்தில் அது கல்லாய் உறைந்துவிடும். தாராக்கள் வேலி ஓட்டைக்குள்ளால் புகுந்து இந்தப் பக்கம் வந்து, நடைபாதை முழுக்க எச்சம் போட்டுவிட்டுப் போகும்.

"மஸூர், உன்ர தாரா இனி இஞ்சால வந்தால் கறிதான்!" என்று கிளிபோட் வேலிக்கு மேலால் கத்துவது தெருவுக்கே கேட்கும்.

யூஜினி அதற்கும் ஒரு படி மேலே போயிருந்தாள். "சிட்டி ஒபிசுக்குப் போன் அடிச்சுச் சொல்லப் போறன். உதுகளை இஞ்ச வளக்கவே கூடாது."

"பனி முடியட்டும் அக்கா. பண்ணையொண்டுக்குக் குடுத்திடுறன்" என்று மஸூர் கெஞ்சியிருந்தார்.

அடுத்த நாள் காலை. நதீஷா பஸ்சுக்கு ஓடுவதை யூஜினி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். பெட்டை தெருமுனை திரும்பி மறைந்தும் விட்டது.

கீழே கட கட என்று ட்ரையர் ஓடத் தொடங்கியது.

யூஜினி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு படியிறங்கி, லைற்றைப் போட்டு, ட்ரையரின் கதவைத் திறந்தாள்.

உள்ளே ஒன்றுமில்லை. ஒரு காலுறைகூட இல்லை. கையை விட்டுப் பார்த்தாள். அனல் அடித்தது.

"இதென்ன கோதாரி?"

கதவு திறந்ததும் மெசின் நின்றுபோனது. அந்த நேரம் பார்த்து வெளியே சுவரோரம் ஒரு குரல் கேட்டது.

"ஐயோ, நிண்டுபோச்சே!"

கிளிபோட்டின் குரல். பனி வழிக்கப் போகிறேன் என்று காலையில் வெளியே போன மனுசன். நாலைந்து நாளாய்ப் பனியே கொட்டவில்லை என்பது யூஜினிக்கு அப்போதுதான் உறைத்தது.

ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு பக்கக் கதவால் போனாள். ட்ரையரின் சூடு வெளியே வரும் குழாயடியில் மஸூரின் தாராக்கள் செட்டையை உப்பிக்கொண்டு, கழுத்தை முதுகுக்குள் புதைத்துக்கொண்டு வரிசையாகக் குந்தியிருந்தன. நடுவில் கிளிபோட், கையில் அவளுடைய சோற்றுப் பானை நிறையச் சுடுதண்ணீர்.

"கறி வைக்கப் போறியளோ?" என்றாள் யூஜினி.

கிளிபோட் திடுக்கிட்டு எழும்பினார். முகத்தில் அசடு வழிந்தது.

"ஞாயிற்றுக்கிழமையில அந்தப் பிள்ளை உடுப்புக் காய வைக்கேக்க இந்தச் சூட்டுக்கு வந்து குந்தப் பழகிட்டுதுகள். திங்கட்கிழமையும் வந்து, குளிர்ந்த குழாயைப் பாத்துக்கொண்டு நிண்டுதுகள் யூஜினி. உந்தக் கடைசித் தாரா நொண்டுறதைப் பார், காலில ஐஸ் பிடிச்சிட்டுது. எனக்கு மனம் கேக்கேல்லை. நான்தான் பக்கக் கதவால இறங்கி மெசினைத் தட்டிவிடுறனான்."

"இது நதீஷாவுக்குத் தெரியுமோ?"

"ஒருநாள் கண்டிட்டாள். அன்ரிக்குச் சொல்லிப்போடாதை, அவ சிட்டிக்கு அடிச்சுப்போடுவா எண்டு சொன்னனான்."

யூஜினிக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

"அந்தப் பெட்டை தான்தான் போட்டது எண்டு சொன்னவள். நான் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிப்போட்டன்."

"என்ர மாதாவே!" பானை ஆடி, தண்ணீர் அவருடைய சப்பாத்தில் சிந்தியது. "நீயும் யோசி யூஜினி. வாயில்லாச் சீவனுகள். குளிருது எண்டு ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?"

யூஜினி குழாய்க்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். நதீஷாவின் அறை. கதிரை முதுகில் ஒரு ஜீன்ஸ், கட்டில் கம்பியில் சுவெற்றர், காலுறைகள். எல்லாம் அரைகுறை ஈரத்தில் தொங்கின. நேற்று அவள் பக்கத்தில் நின்றபோது ஈர வாடை அடித்ததும், தான் மூக்கைச் சுளித்ததும் ஞாபகம் வந்தது.

"உள்ள போய் மெசினைத் திரும்பத் தட்டுங்கோ" என்றாள். "வாயில்லாததுகளுக்குக் கிழமை முழுக்கச் சூடு. வாயிருந்தும் சொல்லாத ஒண்டுக்கு, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானே விட்டு வச்சிருக்கிறம்!"