சிங்காரம் மாமாவுக்கு ஒரு வரி

பதிப்புப் பயிற்சிக்கு வந்த முதுகலை மாணவர்களுக்கு ஆளுக்கொரு நாவலைத் திருத்தக் கொடுத்திருந்தார்கள். பூங்கோதைக்குக் கிடைத்த நாவல் பதினாறு பக்கம் கூடுதலாக இருந்தது. குறைத்தால்தான் மாலை அச்சுக்குப் போகும். போனால்தான் ‘செம்மையாக்கம்: பூங்கோதை’ என்று உள்ளே பெயர் வரும். கதைக்கு ஒன்றும் செய்யாமல் வீடு வீடாகக் காபி குடித்துக்கொண்டிருந்த சிங்காரம் மாமா என்ற பாத்திரத்தை அவள் முழுவதுமாக நீக்கினாள். நாவல் கச்சிதமாக அடங்கியது.

மதியம் சாப்பாட்டு வரிசையில் அவளுக்கு முன்னால் சிங்காரம் மாமா தட்டோடு நின்றார். மூன்றாம் அத்தியாயத்தில் அவர் போட்டிருந்த அதே கட்டம்போட்ட சட்டை.

“நீதானாம்மா என்னைத் தூக்கினது?”

“கதையில நீங்க ஒண்ணுமே செய்யலையே மாமா.”

“எந்த வீட்டு மாமாம்மா செஞ்சிருக்கான்?”

பூங்கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இடமில்ல மாமா. ஒரு பக்கம் கூடினாலும் அச்சகத்துல கத்துவாங்க.”

“பக்கம் யார் கேட்டா? ஒரு வரி குடு. ஓரமா நின்னுக்கறேன்.”

அவள் தட்டை வைத்துவிட்டு வகுப்புக்கு ஓடினாள். நாவலில் வரும் கல்யாணப் பந்தியில் ‘யாரோ இன்னொரு கரண்டி பாயசம் கேட்டார்கள்’ என்று ஒரு வரி இருந்தது. ‘யாரோ’வை அடித்துவிட்டுச் சிங்காரம் மாமா என்று எழுதினாள். ‘கேட்டார்கள்’ ‘கேட்டார்’ ஆனது. பக்கம் கூடவில்லை.

திரும்பி வந்தபோது வரிசையில் அவர் இல்லை. பரிமாறுகிறவர் காலிப் பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டினார்.

“பாயசம் தீர்ந்துபோச்சும்மா. கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருத்தர் விடவே இல்ல. கேட்டா, ‘என் பேர் உள்ள இருக்கு’ங்கிறார்.”