பூசை செய்யும்வரை

கோயிலில் பூசை செய்யும்வரை இருக்கலாம் என்ற அனுமதியோடு தஞ்சாவூரிலிருந்து நயினாதீவுக்கு வந்தவர் தியாகேசக் குருக்கள். மனைவியையும் அழைத்துக்கொள்ள நாலு வருடமாக அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு அலைந்தார். அன்று தன் கடவுச்சீட்டை மேசையில் வைத்தார்.

“என் வதிவிட அனுமதியை ரத்துப் பண்ணுங்கோ. ஊருக்குப் போறேன்.”

கிளாக்கர் அரியநாயகம் சிரித்தார்.

“அலுத்துப் போச்சோ ஐயா? இந்தாங்கோ, அம்மாவின்ரை அனுமதி காலமைதான் வந்தது. இனி நீங்கள் தனியச் சமைச்சுச் சாப்பிடத் தேவையில்லை.”

குருக்கள் அந்தத் தாளைத் தொடவில்லை.

“பிறகென்ன யோசனை? அவவைக் கூப்பிட்டுக்கொண்டு பூசையைப் பாருங்கோ.”

“இனிப் பூசை செய்ய முடியாது” என்றார் குருக்கள். “நேற்றுத் தந்தி வந்தது. மனைவியை இழந்த குருக்கள் கருவறைக்குள்ளே போகக் கூடாது.”